பருவ வயதில் உடல் கொழுப்பும் வளர்ச்சியும்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மனிதர் வாழ்நாளில் எட்டும் உயரத்தில் 15 முதல் 20 சதவீதமும், எடையில் ஏறக்குறைய பாதியும் வளரிளம் பருவத்தில்தான் சேர்கின்றன. இவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது உடம்பு ஒரே சீராக வளர்வதில்லை. ஒரு வருடம் சதை போடும், அடுத்த வருடம் கிடுகிடுவென உயரும், நடுவில் ஆறு மாதம் எதுவுமே நடக்காதது போலிருக்கும். வீட்டில் பலரும் இந்தச் சமயத்தில்தான் பிள்ளையை எடை மெஷினில் ஏற்றி, வந்த எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பிள்ளை பருவ மாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உயரம் எவ்வளவு, ஆறு மாதத்துக்கு முன் நிலைமை என்ன என்ற மூன்றும் கூடவே வேண்டும். அந்த மூன்றையும் வீட்டிலேயே எப்படிக் கண்டறிவது, எதை விட்டுவிடலாம், எதற்கு ஓட வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஐந்து வருட வித்தியாசம் இயல்பு என்பதால், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 12 வயதுப் பிள்ளைகளில் ஒருவர் வேக வளர்ச்சியை முடித்திருப்பார், இன்னொருவர் தொடங்கியிருக்கவே மாட்டார். இருவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மருத்துவர்கள் வயதைவிடக் கட்டத்தைத்தான் நம்புகிறார்கள். பிரிட்டனின் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டானர், சக ஆய்வாளர் மார்ஷலுடன் சேர்ந்து 1969இல் பெண்களுக்கும் 1970இல் ஆண்களுக்கும் விவரித்த ஐந்து கட்டங்கள்தான் இன்றும் அளவுகோல்.

பெண் குழந்தையிடம் முதலில் தெரிவது மார்பு மொட்டு. காம்புக்குக் கீழே நாணயம் அளவில், தொட்டால் வலிக்கும் ஒரு சிறு கட்டி. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் வரும், மறுபக்கம் சில மாதங்கள் பின்தங்கும். கட்டி என்று பயந்து அழுத்திப் பார்ப்பதோ பிசைவதோ வேண்டாம். பூசினாற்போல் இருக்கும் பெண்ணுக்கு வெறும் கொழுப்பும் மார்பு போலத் தோன்றும். படுத்த நிலையில் தொட்டுப் பார்த்தால் கொழுப்பு மெத்தென்று அமுங்கும், மொட்டு தட்டையான கெட்டி வில்லை போல விரலில் தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆண் குழந்தையிடம் முதல் அடையாளம் விதை பெரிதாவது. நீளம் 2.5 செ.மீ.யைத் தாண்டினால் தொடங்கிவிட்டது என்று கணக்கு. இதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. குரல் உடைவதையும் மீசை அரும்புவதையும் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை பாதி வழி கடந்த பிறகு வருபவை.

உடம்பு வாடை மாறுவது, முகத்தில் எண்ணெய் வடிவது, அந்தரங்க இடத்தில் முடி முளைப்பது ஆகியவற்றைத் தூண்டுபவை பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்கள். இவை சற்று முன்னே பின்னே வரலாம், இவற்றை மட்டும் வைத்துக் கட்டத்தை முடிவு செய்யாதீர்கள். வேக வளர்ச்சி தொடங்கிவிட்டதா என்பதற்கு வீட்டில் கிடைக்கும் நல்ல துப்பு செருப்பு. பாதமும் கையும் முதலில் வளரும், பிறகு கால் நீளும், உடற்பகுதி கடைசியில் நீளும். ஆறு மாதத்தில் இரண்டு முறை ஷூ மாற்ற நேர்ந்தால், அடுத்து பேண்ட் கட்டையாகப் போகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: கொழுப்பு எப்போது, எங்கே, எதற்காகச் சேர்கிறது?

பருவத்துக்கு முன் ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும். வேக வளர்ச்சியின் உச்சத்தில் பெண் குழந்தை ஆண்டுக்கு 8 முதல் 9 செ.மீ. வளர்கிறாள், சராசரியாக 12 வயதை ஒட்டி. ஆண் குழந்தை 9 முதல் 10 செ.மீ., சராசரியாக 14 வயதை ஒட்டி. பெண்களுக்கு இந்த உச்சம் பருவ மாற்றத்தின் முற்பாதியிலேயே வந்துவிடுகிறது, ஆண்களுக்குப் பிற்பாதியில்.

மாதவிடாய் தொடங்குவது மார்பு மொட்டு வந்து இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து. அதற்குள் உயரத்தின் உச்ச வேகம் முடிந்துபோயிருக்கும். அதன் பிறகு சராசரியாக 5 முதல் 7 செ.மீ. மட்டுமே மிச்சம். 'வயதுக்கு வந்த பிறகு வளர்ந்துவிடுவாள்' என்று காத்திருக்கும் குடும்பங்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. சத்தான சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனிக்க வேண்டிய காலம் மாதவிடாய்க்கு முந்தைய அந்த இரண்டு ஆண்டுகள்.

இப்போது கொழுப்பு. பெண் குழந்தையின் உடலில் பருவத்துக்கு முன் சுமார் 16 முதல் 18 சதவீதமாக இருக்கும் கொழுப்பு, பருவ மாற்றம் முடியும்போது 25 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது. பெண்களிடம் அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதை இடுப்பிலும் தொடையிலும் பின்புறத்திலும் கொண்டுபோய் வைக்கிறது. எடை ஏறும் உச்சம் உயரத்தின் உச்சத்துக்கு ஆறு மாதம் பின்னால் வருகிறது. ஆகவே உயரம் மெதுவாகும் நேரத்தில் எடை மட்டும் ஏறுவது போலத் தெரியும். இது கோளாறு இல்லை, வரிசையே அப்படித்தான். கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கும் அல்ல. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலில் இருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி போகாவிட்டால் பருவ மாற்றமே தாமதமாகும், தொடங்கிய மாதவிடாயும் நின்றுபோகும்.

ஆண் குழந்தைக்குக் கதை வேறு. பத்து, பதினொரு வயதில் பல பையன்கள் வயிற்றிலும் மார்பிலும் சதை போடுகிறார்கள். பிறகு உயரம் கிளம்பும்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தசையைக் கூட்டுகிறது, கொழுப்பின் சதவீதம் இறங்கி 12 முதல் 15 வரை வருகிறது. தசையும் உடனே பலம் பெற்றுவிடாது. உயரத்தின் உச்சத்துக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துத்தான் வலிமை வேகமாகக் கூடும். நடுவில் உள்ள அந்தக் காலத்தில் பையன் ஒட்டடைக்குச்சி போல நீண்டு, கைகாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவான். நேற்றுவரை நன்றாக விளையாடியவன் பந்தைத் தவறவிடுவான். சோம்பேறி என்று திட்டாதீர்கள், அவன் மூளை புதிய கால் நீளத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பையன்களைத் தனியாக அழவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு 13, 14 வயதை ஒட்டிக் காம்புக்குக் கீழே வலியோடு சிறு வீக்கம் வரும். அது கொழுப்பு அல்ல, ஹார்மோன் சமநிலை தற்காலிகமாக மாறுவதால் வளரும் சுரப்பித் திசு. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். 'இது பாதிப் பையன்களுக்கு வரும், போய்விடும்' என்ற ஒரு வாக்கியத்தை அப்பாவோ அண்ணனோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், இரண்டு வருடம் சட்டையைக் கழற்றாமல் ஒளிந்து திரிவதைத் தவிர்க்கலாம். பருவம் தொடங்கும் முன்பே வந்தால், 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால், திரவம் கசிந்தால், இரண்டு ஆண்டு தாண்டியும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: சரியாக அளப்பது

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. உயரத்தில் 2 செ.மீ. தவறினால் அதன்மேல் போடும் கணக்கு எல்லாமே தவறும்.

உயரம் அளக்கச் சுவரின் அடியில் துருத்தும் டைல்ஸ் பட்டி இல்லாத இடமாகப் பாருங்கள். தரை கெட்டியாக இருக்க வேண்டும், விரிப்பு கூடாது. செருப்பு, சாக்ஸ் கழற்றி, கொண்டையையும் உச்சிக் குடுமியையும் அவிழ்த்துவிட வேண்டும். குதிகால், பின்புறம், தோள்பட்டை எலும்பு, பின்னந்தலை நான்கும் சுவரை நோக்கி இருக்கட்டும். உடல்வாகினால் நான்கும் ஒன்றாகத் தொடாவிட்டால் குதிகாலும் பின்புறமும் தொட்டால் போதும். முக்கியமானது தலையின் நிலை. கண்ணின் கீழ் விளிம்பும் காதின் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் உயரமாகத் தெரிய மோவாயைத் தூக்குவார்கள். தூக்கினால் உச்சந்தலை பின்னால் சாய்ந்து அளவு குறையத்தான் செய்யும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, அதன் முதுகுப் பகுதி சுவரோடு முழுமையாக ஒட்டும்படி வைத்து, முடி அமுங்கும்வரை இறக்குங்கள். மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, புத்தகத்தின் அடி விளிம்பில் பென்சிலால் கோடிடுங்கள். மூன்று முறை அளந்து நடு அளவை எழுதுங்கள்.

காலையில் இருப்பதைவிட மாலையில் உயரம் சுமார் 1 செ.மீ. குறைவாக இருக்கும், பகல் முழுக்க முதுகெலும்பின் தட்டுகள் அமுங்குவதால். ஒருமுறை காலையிலும் மறுமுறை மாலையிலும் அளந்தால் இரண்டு மாத வளர்ச்சி காணாமல் போகும். எப்போதும் ஒரே வேளையில் அளங்கள்.

எடையை மெல்லிய உடையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மெஷினில் பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து 1, 2 கிலோ கூடுதலாகக் காட்டலாம் என்பதால் அந்த நாட்களைத் தவிருங்கள். இடுப்புச் சுற்றளவுக்குக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சு விட்ட நிலையில் அளங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இந்த அளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது. 150 செ.மீ. உயரத்துக்கு 75 செ.மீ. எல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், அதற்குமேல் அடிக்கடி அளந்தால் பிழையைத்தான் அளப்பீர்கள், பிள்ளையின் மனமும் நொந்துபோகும். கதவைச் சாத்திக்கொண்டு அளங்கள், எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள், விருந்தினர் முன்னால் கேட்காதீர்கள்.

நான்காம் படி: பிஎம்ஐ கணக்கு

எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் எண். 148 செ.மீ., 41 கிலோ என்றால் 41 ÷ (1.48 × 1.48) = 18.7. இதைப் பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற எல்லைகளோடு ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. அப்படிப் பார்த்தால் சரியான எடையுள்ள 11 வயதுப் பிள்ளை நோஞ்சானாகவும், உடற்பருமனுள்ள 12 வயதுப் பிள்ளை சரியாகவும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயதுக்கான அட்டவணையில் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. அதில் வயதுக்குரிய நடுக்கோடு, அதற்கு மேலும் கீழும் பிரிகோடுகள் இருக்கும். மேலே முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடற்பருமன், கீழே இரண்டாவதுக்கும் கீழ் போனால் மெலிவு.

12 வயது நிறைந்த பெண்ணுக்கு நடுக்கோடு 18.0, அதிக எடைக் கோடு 20.8, உடற்பருமன் கோடு 25.0. 13 வயதுப் பையனுக்கு அதே வரிசையில் 18.2, 20.8, 24.8.

இரண்டு மாதிரிக் குறிப்பேடுகளைப் பார்ப்போம். ஒரு பெண்: 11 வயதில் 140 செ.மீ., 34 கிலோ. 12இல் 148 செ.மீ., 41 கிலோ. 13இல் 154 செ.மீ., 47 கிலோ. இரண்டே வருடத்தில் 13 கிலோ ஏறியிருக்கிறது. எடை மெஷினை மட்டும் பார்ப்பவர் அலறிவிடுவார். பிஎம்ஐ போட்டால் 17.3, 18.7, 19.8. இந்த வயதுகளின் நடுக்கோடு 17.2, 18.0, 18.8. நடுக்கோட்டை ஒட்டியே, லேசாக மேலே நகர்ந்து போகிறாள். செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

ஒரு பையன்: 11 வயதில் 142 செ.மீ., 40 கிலோ, பிஎம்ஐ 19.8. அந்த வயதின் அதிக எடைக் கோடு 19.2, தாண்டிவிட்டான். 12இல் 147 செ.மீ., 43 கிலோ, 19.9, கோட்டின் மேலேயே நிற்கிறான். 14இல் 164 செ.மீ., 55 கிலோ, 20.4. அந்த வயதுக் கோடு 21.8, கீழே வந்துவிட்டான். 15 கிலோ கூடியும் அவன் மெலிந்திருக்கிறான். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாப் பையன்களுக்கும் இப்படி நடக்காது. 'வளரும்போது சரியாகிவிடும்' என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோட்டை நெருங்கி வந்தால் காத்திருக்கலாம். கோட்டை விட்டு மேலே மேலே விலகினால் வழக்கங்களை மாற்றத் தொடங்குங்கள்.

உடல் கொழுப்பைச் சதவீதமாகக் காட்டும் எடை மெஷின்களை இந்த வயதில் நம்ப வேண்டாம். அவை மிகச்சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி உடலின் நீரைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கின்றன. தண்ணீர் குடித்ததா, விளையாடி வியர்த்ததா என்பதற்கேற்ப அந்த எண் தாவும். போதாக்குறைக்கு, வளரும் உடலில் தசையின் நீர் அளவே பெரியவர்களுடையதிலிருந்து வேறுபடும்.

ஐந்தாம் படி: சாப்பாடு

வேக வளர்ச்சியின்போது பிள்ளை இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடும். பள்ளியிலிருந்து வந்து அடுக்களையைக் காலி செய்யும். அந்தப் பசி பொய்ப்பசி அல்ல. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் வீட்டாரின் வேலை இருக்கிறது.

அதிக எடையுள்ள, ஆனால் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் எடையைக் குறைக்க முயலாதீர்கள். எடையை நிறுத்திவைத்து உயரத்தை ஓடவிடுங்கள். 145 செ.மீ., 40 கிலோவில் பிஎம்ஐ 19.0. அதே 40 கிலோவோடு 151 செ.மீ. ஆகும்போது 17.5. ஒரு கிலோகூட இறங்கவில்லை. உடற்பருமன் கோட்டுக்கு வெகு மேலே இருக்கும் பிள்ளைக்கும், வளர்ச்சி முடிந்துவிட்ட பிள்ளைக்கும் மட்டுமே குறைப்பது பற்றிய பேச்சு, அதுவும் மருத்துவர் மேற்பார்வையில்.

பட்டினி போட்டால் என்ன ஆகும்? உடல் முதலில் வளர்ச்சிக்கான செலவைக் குறைக்கும். உயரத்தின் வேகம் தளரும், மாதவிடாய் தவறும், எலும்பில் கால்சியம் படிவது குறையும். கொழுப்போடு தசையும் கரையும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த பிள்ளை மாலையில் கைக்கு எட்டியதையெல்லாம் தின்று, பிறகு குற்ற உணர்வில் மறுநாள் மறுபடி பட்டினி கிடக்கும். உணவுக் கோளாறு நோய்கள் பலருக்கு இந்தச் சுழலில்தான் ஆரம்பிக்கின்றன.

புரதம் 9 முதல் 13 வயதுவரை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.95 கிராம், 14 முதல் 18 வரை 0.85 கிராம். 45 கிலோ எடையுள்ள 12 வயதுப் பிள்ளைக்குச் சுமார் 43 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8 கிராம், ஒரு கப் வேகவைத்த பருப்பில் 15 கிராமுக்கு மேல். மிச்சம் தானியத்திலிருந்தே வந்துவிடும். பவுடர் தேவையே இல்லை. கால்சியம் 1300 மி.கி. வேண்டும். 250 மி.லி. பால் அல்லது தயிரில் சுமார் 300 மி.கி. கிடைக்கும் என்பதால் இதைத்தான் பலர் எட்டுவதில்லை. கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறுமீன் ஆகியவற்றால் நிரப்பலாம். இரும்புச்சத்து 14 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 15 மி.கி., பையனுக்கு 11 மி.கி. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் அது உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள். அரை லிட்டர் குளிர்பானத்தில் சுமார் 50 கிராம் சர்க்கரை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் சர்க்கரை உச்ச வரம்பே அவ்வளவுதான். குடித்த சர்க்கரைக்குப் பசி அடங்குவதும் இல்லை. பருவ மாற்றத்தின் நடுக்கட்டத்தில் இன்சுலினுக்கு உடல் பதிலளிப்பது இயல்பாகவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மந்தமாகிறது, முடியும்போது சீராகிறது. வயிற்றில் கொழுப்பு அதிகமாக இருந்து, வீட்டில் சர்க்கரை நோயும் இருந்தால் இந்த மந்தமே நோயாக மாறக்கூடும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பது அதற்கான முன்னறிவிப்பு. அழுக்கு என்று தேய்த்துக் கழுவிப் புண்ணாக்குவார்கள். தேய்த்தால் போகாது, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆறாம் படி: ஓட்டம், பளு, தூக்கம்

தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு, வாரத்தில் மூன்று நாள் தசைக்கும் எலும்புக்கும் வேலை. வாழ்நாளின் எலும்புப் பொருளில் ஏறக்குறைய கால் பங்கு உயர வளர்ச்சியின் உச்சத்தைச் சுற்றியுள்ள இரண்டு ஆண்டுகளில் படிகிறது. குதிப்பது, ஓடுவது, கயிறு தாண்டுவது போன்ற தரையில் தட்டும் அசைவுகளே எலும்பை அடர்த்தியாக்கும், நீச்சலும் சைக்கிளும் அந்த வேலையைச் செய்யாது.

பளு தூக்கினால் குள்ளமாகிவிடுவார்கள் என்பது உண்மையல்ல. தெரிந்தவர் மேற்பார்வையில், 8 முதல் 15 முறை திரும்பச் செய்யக்கூடிய லேசான எடையில் தொடங்கலாம். ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற போட்டி மட்டும் வேண்டாம். உயரத்தை உண்மையிலேயே கெடுப்பது ஊக்கமருந்து. எலும்பின் நுனியருகே இருந்து அதை நீளவைக்கும் குருத்தெலும்புப் பகுதிதான் வளர்ச்சித் தட்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994இல் மருத்துவ இதழில் விவரம் வந்தது. 28 வயதிலும் அவர் வளர்ச்சித் தட்டு திறந்தே இருந்தது, உயரம் 204 செ.மீ. ஊக்கமருந்தாக வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி, தட்டை முன்கூட்டியே மூடிவிடும். மூடிய தட்டை எந்த மாத்திரையும் பவுடரும் திறக்காது.

உயரம் எதுவரை போகும் என்று அறிய ஒரு தோராயக் கணக்கு: அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையனுக்கு 13 செ.மீ. சேர்த்து, பெண்ணுக்கு 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுக்கவும். 170, 156 என்றால் பையனுக்கு 169.5, பெண்ணுக்கு 156.5. இருபுறமும் 8.5 செ.மீ. வரை வித்தியாசம் இயல்பு.

முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, குதித்தால் வலிக்கும் பிள்ளைகள் உண்டு. எலும்பு முந்தி நீண்டு, தசைநார் வளர்ச்சித் தட்டை இழுப்பதால் வருவது. சில வாரம் குதிப்பைக் குறைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் தணியும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வலி ஒன்று இருக்கிறது. எடை கூடிய ஒரு பிள்ளை நொண்டுகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, இடுப்பிலோ தொடையிலோ அல்லது முழங்காலில் மட்டுமோ வலி என்றால், தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் வழுக்கிக்கொண்டிருக்கலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடுப்பையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றவிடாமல், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் இடுப்பு மூட்டே போய்விடும்.

தூக்கம் 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரமே தாமதமாகத் தள்ளிப்போவதால் சீக்கிரம் தூக்கம் வராது. போனை வேறு அறையில் சார்ஜ் போடவைப்பது அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யும்.

ஏழாம் படி: வீட்டுப் பேச்சு

'குண்டு', 'பூசணி', 'ஒல்லிக்குச்சி' எல்லாம் செல்லப் பெயராகவே இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில் எடையைப் பற்றிய பேச்சையும் கிண்டலையும் டயட்டையும் தவிர்க்கச் சொன்னது. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஊக்குவிக்கச் சொன்னது. அம்மா தன் உடம்பையே கண்ணாடி முன் நின்று சபித்துக்கொண்டால் மகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மாற்றம் தேவையென்றால் வீடு முழுவதும் மாற வேண்டும். அண்ணனுக்குப் பொரித்தது, தங்கைக்கு வேகவைத்தது என்று தட்டைப் பிரித்தால், அவள் ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்வாள்.

தொடையில், இடுப்பில், பையன்களுக்கு முதுகில் குறுக்காக வரும் கோடுகள் தோல் வேகமாக விரிவதால் வருபவை. காலப்போக்கில் மங்கிவிடும் என்று சொல்லிவையுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன், பையனுக்கு 9 வயதுக்கு முன் பருவ அடையாளம் தெரிந்தால். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி, 14 வயதாகியும் விதை வளர்ச்சி தொடங்காவிட்டால். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால், வந்தது மூன்று மாதம் தொடர்ந்து நின்றால். வளரும் வயதில் ஆண்டுக்கு 4 செ.மீ.கூட உயராவிட்டால். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் சாதாரணமாக அதிகம் சாப்பிட்டு எடை போடும் பிள்ளை உயரமாகவும் இருக்கும். எடை ஏறி உயரம் தளர்வது தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறின் அடையாளம்.

சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது, ஒவ்வோர் உணவாக விலக்குவது, தொளதொள உடைக்குள் ஒளிவது, உடம்பு முடியாத நாளிலும் வெறியாக உடற்பயிற்சி செய்வது ஆகியவற்றை எடை 'சரியாக' இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது உயரம், எடை, தேதி எழுதிய குறிப்பேடு, பெற்றோர் இருவரின் உயரம், அம்மாவுக்கு மாதவிடாய் தொடங்கிய வயது, அப்பா எந்த வயதில் உயர்ந்தார் என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தாமதமாக வளர்வது குடும்ப வாகாகவே இருப்பது மிகச் சாதாரணம், இந்த விவரங்கள் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கச் சொல்லலாம். 14 வயதுப் பையனின் எலும்பு வயது 12 என்று வந்தால், இன்னும் இரண்டு ஆண்டு வளர்ச்சி கூடுதலாகக் கையிருப்பில் இருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தியை அவனிடமே நேராகச் சொல்லுங்கள்.